மாப்பிள்ளையும் மெத்தனாயிக் அமிலமும்

வேதியியல் பாடநூல் குழுவின் மூத்த உறுப்பினர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, அன்னாரின் ஒரே தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அங்கே தாங்களும், அண்ணியும், அண்ணியின் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

மரியாதை இத்தோடு முடிந்தது. குழு உறுப்பினருக்கு 'நீங்கள்' பொருந்தும், கூடப் பிறந்தவனுக்கு அது இரவல் சட்டை மாதிரி தொளதொள என்று இருக்கிறது. இனி நீதான். அண்ணா, நான் போன் செய்தால் நீ முதலில் கேட்பது, "அவன் பக்கத்துல இருக்கானா?" இருக்கிறார் என்றால் வைத்துவிடுகிறாய். இல்லை என்றால் அவரைத் திட்ட ஆரம்பிக்கிறாய். இரண்டு வழியிலும் நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நீ குறுக்கே பேச முடியாது. கிழித்துப் போட்டாலும் அண்ணி துண்டுகளை ஒட்டிவைத்துப் படித்து, சாப்பாட்டு நேரத்தில் உனக்கு ஒப்பித்துவிடுவார். ஆகவே பேசாமல் படி.

உங்கள் சண்டையை நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் எதிரெதிர்க் கட்டிலில் கிடந்தவர்கள் நீங்கள். இரண்டு பேரும் வேதியியல் வாத்தியார் ஆனீர்கள், ஒருவன் தங்கையை மற்றவன் கட்டிக்கொண்டதால் மச்சானும் மாப்பிள்ளையும் ஆனீர்கள், ஓய்வு பெற்ற பிறகு ஒரே பாடநூல் குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியும் பிடித்தீர்கள். கரிமச் சேர்மங்கள் பாடம் வரும்வரை பாலும் சர்க்கரையுமாகத்தான் இருந்தீர்கள். அங்கேதான் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வந்து நின்றது. எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த அமிலத்துக்கு ஃபார்மிக் அமிலம் என்பது வழக்குப் பெயர். எறும்பிலிருந்து எடுத்தார்களாம், எறும்பின் பெயரையே ஏதோ ஒரு பழைய மொழியில் வைத்துவிட்டார்களாம். ஆட்டின் பெயரிலும் அமிலம் உண்டாம். மெத்தனாயிக் அமிலம் என்பது முறைப் பெயர். ஒரு கார்பன் இருந்தால் 'மெத்', இரண்டு இருந்தால் 'எத்' என்று விதிப்படி அடுக்கிக் கட்டியது. இரண்டு பெயரும் வேண்டும், அதிலும் வழக்குப் பெயர்தான் முதலில் என்று நீ சொன்னாய். முறைப் பெயர் மட்டும் போதும், மற்றதை வேரோடு பிடுங்கு என்று இவர் சொன்னார். "பேர் வைக்கிற உலகச் சபையே அசிட்டிக் அமிலம்ங்கிற வழக்குப் பேரைத் தொடாம விட்டு வச்சிருக்கு, உனக்கு என்னடா வந்தது?" என்று நீ கேட்டாயாம். "உன் பாடத்துல எறும்பும் ஆடும் மேயுது, படிக்கிற பிள்ளை எங்கே போய் நிக்கும்?" என்று இவர் கேட்டாராம். "தலைக்கனம்" என்று நீ ஒரே வார்த்தை சொல்ல, இவர் எழுந்து வந்துவிட்டார். முறைப் பெயருக்காக முறைத்துக்கொண்ட மச்சான் மாப்பிள்ளையை உலகம் இதுவரை பார்த்திருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே முடிவுக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் பாடத்தையே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவதாகக் குழுத் தலைவியும் சொல்லிவிட்டார். இதுவரை சரிதானே?

இனி உனக்குத் தெரியாதது. வந்த மறுநாளிலிருந்து வீட்டில் இவர் பேச்சே மாறிப்போனது. சாப்பாட்டு மேசையில் "அந்த சோடியம் குளோரைடைக் கொஞ்சம் தள்ளு" என்றார். வேடிக்கை என்று நினைத்துத் தள்ளினேன். பிறகு ஒருநாள், தண்ணீர் கொதிக்கவைக்கிற கெட்டிலின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது, வினிகர் ஊற்றி ஊறவைத்தால் போகும், வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து மளிகைக் கடைக்காரர் போனில் வருகிறார், குரலே சரியில்லை. "அக்கா, சார் வந்திருக்காரு. ஆசிட் கேக்குறாரு. வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். என்ன ஆசிட் என்று கேட்டேன். "ஏதோ ரெண்டு கார்பன் ஆசிட்டாம்க்கா. நூத்துக்கு அஞ்சு பங்கு இருந்தா போதும், மிச்சம் தண்ணியா இருக்கலாம்ங்குறாரு. அப்படியெல்லாம் நாங்க விக்கிறதில்லன்னு சொன்னா, பின்னாடி அலமாரியில இருக்கு பாருன்னு கையைக் காட்டுறாரு. கடையில இருந்த ரெண்டு பேர் வெளிய போயிட்டாங்க." வினிகர் கேட்கிறார் என்றேன். "அத வினிகர்னு கேட்டா நான் என்ன இல்லைன்னா சொல்லப்போறேன்?" என்று அந்த மனுஷன் அழாத குறையாகக் கேட்டார். இவர் வீட்டுக்கு வந்ததும் நானும் அதையே கேட்டேன். "ஏங்க, வினிகர்னு சொன்னா வாய் வெந்துடுமா?" "நான் கேட்டது சரியான பேருதான்" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலைத் தேய்க்கப் போய்விட்டார், முகம் கொடுக்கவில்லை.

அடுத்தது மருந்துக் கடை. எனக்குக் குதிகால் வெடிப்பு, கிளிசரின் தடவினால் ஆறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளிசரினுக்கு முறைப் பெயர் புரோப்பேன் ஒன்று, இரண்டு, மூன்று ட்ரையால் என்பதாமே, அதை நீங்கள் இரண்டு பேரும்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவர் கடையில் போய் அதை அப்படியே சொல்லியிருக்கிறார். கல்லாவில் இருந்த பெண் காதில் 'ட்ரை' விழுந்திருக்கிறது, 'மூணு' விழுந்திருக்கிறது. வறட்டு இருமல் மருந்து மூன்று புட்டி கட்டிக் கொடுத்துவிட்டாள். இருமவே தெரியாத என் குதிகாலுக்கு மூன்று புட்டி. இதையாவது கேட்டுத் திருத்தக் கூடாதா என்றால், "அந்தப் பொண்ணு ரொம்ப அவசரமா இருந்துச்சு" என்கிறார்.

பொருள்களோடு நின்றிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். மனிதர்களிடமும் ஆரம்பித்தார். மாடியில் இருக்கும் தையல்காரம்மா படியிறங்கி வரும்போது, "ரெண்டாம் மாடி இடதுபக்கத்தவங்களே, வாங்க" என்று வரவேற்றார். அந்த அம்மா, "என்ன சார், கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் மாதிரி கூப்பிடுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே போனாலும் முகம் சுருங்கித்தான் போனது. மாப்பிள்ளை போன் செய்தால், அதாவது எங்கள் மாப்பிள்ளை, "சொல்லுங்க, மூத்த மகளின் கணவரே" என்கிறார். பெற்ற பிள்ளை மாதிரி பேர் சொல்லி வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் இப்படிச் சொன்னால் அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும்? மகள் என்னிடம் தனியாகப் பேசினாள். "அம்மா, அப்பாவுக்கு இவர் மேல என்னம்மா கோவம்? என்னையும் 'மூத்தவளே'ங்குறாரு. நான் என்ன பண்ணினேன்?" அவள் அழ, நான் சமாதானம் சொல்ல, கடைசியில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம் என்று முடிவு கட்டினேன். உன்மேல் உள்ள ஆத்திரத்தை அம்மிமேல் காட்டுகிறார் என்று நினைத்தேன். கோபம் வந்தால் ஆண்பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள், கதவை அறைவார்கள், மிஞ்சிப்போனால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார்கள். கோபத்தில் இலக்கணத்தை மாற்றிக்கொள்கிற ஆளை எனக்குத் தெரியாது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். "எங்கண்ணன் மேல கோவம்னா அவன்கிட்ட காட்டுங்க. பெத்த பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?" அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் நேராகத்தான் பிடித்திருந்தார்.

அண்ணா, இனிமேல் கொஞ்சம் மெதுவாகப் படி. போன வாரம் ஒரு மத்தியானம், புதிதாக வாங்கிய கண்ணாடிப் புட்டியில் விலைச்சீட்டின் பசை பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் விட்டுப்போன நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். அறை முழுக்க அந்த வாசனை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் யோசிக்காமல், "இந்த வாசனைக்கு என்னமோ ஒரு பேரு சொல்வீங்களே, என்னங்க அது?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். திரும்பவும் திறந்தார். அப்புறம் பட்டாணியைத் தள்ளிவைத்துவிட்டுப் பென்சிலைத் தேடி எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் வரிசையாக மூன்று புள்ளி வைத்துக் கோட்டால் சேர்த்தார். நடுப் புள்ளிக்கு மேலே இரட்டைக் கோடு போட்டு ஒரு வட்டம் வரைந்தார். விரலை வைத்து எண்ணினார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. "ஒண்ணு... ரெண்டு... மூணு. மூணுன்னா புரோப். நடுவுல ஆக்சிஜன். அப்ப ஓன். புரோப்பனோன்!" என்றார். வழி தெரியாத ஊரில் பஸ் நிறுத்தத்தைக் கண்டுபிடித்தவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"அது இல்லீங்க. சின்னப் பேரு. 'அ'ன்னு ஆரம்பிக்கும். எனக்கு நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது" என்றேன்.

"எனக்கு நாக்கு நுனியிலயும் இல்ல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் எனக்கு வந்துவிட்டது. அசிட்டோன். ஆய்வகத்தின் வாசற்படியை மிதிக்காத எனக்கு வருகிறது, முப்பத்தைந்து வருஷம் அதை அளந்து ஊற்றிய மனுஷனுக்கு வரவில்லை. "அசிட்டோன்" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கல்யாண வீட்டில் யாரோ வந்து கையைப் பிடித்துக் குலுக்கினால், யாரென்றே தெரியாமல் நாமும் குலுக்குவோமே, அந்த மாதிரி.

பிறகு மடமடவென்று பேசினார். இத்தனை மாதமாக அடைத்துவைத்திருந்தது. "வழக்குப் பேரை ஞாபகம் வச்சுக்கணும். வேற வழியே கிடையாது. ஞாபகம் இருந்தா உண்டு, இல்லைன்னா இல்ல. முறைப் பேரு அப்படி இல்ல. மறந்துபோனாலும் உக்காந்து எண்ணினா வந்துடும். எத்தனை கார்பன், எந்தக் கை எங்க ஒட்டியிருக்குன்னு பார்த்தா போதும். அது என்னைக் கைவிடாது." குழுக் கூட்டத்தில் நீ அந்த எறும்புக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லிக் காட்டச் சொன்னாயாமே. இவர் எழுந்து நின்றிருக்கிறார். "அந்தக் கதையை வருஷா வருஷம் வகுப்புல சொன்னவன் நான். எறும்பு நல்லா ஞாபகம் இருக்கு. கடிச்சது ஞாபகம் இருக்கு. அமிலத்தோட பேரு மட்டும் வரல. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. உங்கண்ணன் என்னையே பார்க்கிறான். அதான் இந்தப் பேரெல்லாம் பாடத்துக்கே வேணாம்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டேன்."

தலைக்கனம் என்று நீ சொன்னாயே அண்ணா, அது இதுதான்.

"பயந்துதான் ஆரம்பிச்சேன், ஒத்துக்கறேன்" என்றும் சொன்னார். "ஆனா யோசிக்க யோசிக்க அது நியாயமாவும் தெரியுது. எல்லா வகுப்புலயும் ஞாபகம் நிக்காத பிள்ளைங்க பத்துப் பேர் இருப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் அவங்களை முட்டாளுன்னு நினைச்சோம். அவங்களுக்கும் ஒரு வழி வேணும்ல, மறந்துபோனா எண்ணிப் பார்த்து வந்து சேர்ற மாதிரி?"

அதற்குப் பதில் உனக்குத் தெரியுமா? பெயர் நீளமாக இருக்கிறது, வாயில் நுழையவில்லை என்றெல்லாம் நான் கேலி செய்திருக்கிறேன். கையில் விளக்கில்லாதவன் சுவரைத் தடவிக்கொண்டு போவதை நீளமான வழி என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அடுத்ததையும் கேட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை. "என் பேரு?" என்றேன். "அதெல்லாம் இருக்கு" என்றார். சொல்லுங்கள் என்றேன். "சில நாள் சட்டுனு வருது. சில நாள் சுத்திக்கிட்டு வருது" என்றார். எப்படிச் சுற்றிக்கொண்டு வரும் என்று கேட்டேன். உரித்த பட்டாணியை ஒன்று ஒன்றாக ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "முதல்ல உங்கண்ணன். அவனுக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில், எனக்குக் கதவுப் பக்கம். அவனுக்கு வீட்லேர்ந்து கடிதாசி வரும், ரெண்டு பேரும் சேர்ந்துதான் படிப்போம். உங்கப்பா எழுத்து முடிஞ்சதும் கடைசியில ஒரே ஒரு வரி, கோணலா, வேற கையெழுத்துல இருக்கும். 'அண்ணா, எனக்குக் கணக்கு வரவே மாட்டேங்குது.' அதுக்குக் கீழ ஒரு பேரு. அந்தப் பேருதான் நீ." அப்புறம் என் பெயரைச் சொன்னார், சரியாக. மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று சொல்லிக்கொண்டு நான் உள்ளே எழுந்து போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கார்பன் சங்கிலியில் எந்த முனையிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதற்கு உங்கள் பாடத்தில் ஒரு விதி இருக்கிறதாம், இவர்தான் சொன்னார். இவர் என்னை எண்ணிப் பார்த்து வந்து சேர்கிற சங்கிலியில் ஒன்றாம் எண் நீ. அந்த ஒன்றாம் எண் மூன்று மாதமாக இவரோடு பேசவில்லை.

டாக்டரிடம் போய் வந்தோம். பொறுமையான பெண். வயசானால் பெயர் மறப்பது சகஜம்தான், இது அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். என்ன வியாதி டாக்டர் என்று நான் கேட்டதற்கு, "இப்பவே அதுக்கு ஒரு பேரு வைக்க வேணாம்மா, ரிசல்ட் வரட்டும்" என்றார். வெளியே வந்ததும் இவர், "பார்த்தியா, அவங்களுக்கும் பேரு வரல" என்றார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பின்னால் வந்தவர்கள் நல்ல செய்தி போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள்.

ஆகவே அண்ணா, இந்தக் கடிதத்தின் சாரம் இதுதான். நீ தோற்றுப்போ. முறைப் பெயர் மட்டும் போதும் என்று குழுத் தலைவிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. எறும்பு கோபித்துக்கொள்ளாது. அதற்கு இந்த விஷயமே தெரியாது. காரணம் ஏதும் எழுதாதே. நான் இதையெல்லாம் சொன்னேன் என்று இவரிடம் மூச்சு விடாதே. ஸ்கேன் முடியும்வரை இங்கே வராதே, வந்தால் உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வயசில் கண்ணாமூச்சி விளையாட்டிலேயே நீ மூச்சை அடக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வாய். போனில் மட்டும் கூப்பிட்டு, வெயில் எப்படி, மழை எப்படி என்று பேசு. அது போதும்.

அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. அண்ணிக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், உனக்கு ஆயுசும் கொஞ்சம் பொறுமையும் கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
கணக்கு இன்னும் வராத உன் தங்கை.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. தபால்தலை எடுக்க உள்ளே போன நேரத்தில் கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் இவர் முழுவதையும் படித்து முடித்து, இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழையும் திருத்தியிருக்கிறார். உனக்குச் சொன்னதற்காக என்மேல் கோபமே இல்லை. தோற்றுப்போ என்று எழுதியதற்குத்தான் குதித்தார். "இரக்கப்பட்டுப் போட்ட கையெழுத்து எனக்கு எதுக்கு? நான் மறந்துட்டேன்னா நான் சொல்றது சரியாயிடுமா? சரியா இருந்தாத்தான் சரி. அவன் எறும்பை விடக் கூடாது. விட்டான்னா நான் யார்கூட மல்லுக்கட்டுறது? நேர்ல வரச் சொல்லு, ஒவ்வொரு பேரா எடுத்து வச்சு அடிச்சுக்கலாம்" என்கிறார். ஆகவே கையெழுத்தும் வேண்டாம், ரகசியமும் வேண்டாம், வெயிலும் மழையும் வேண்டாம். கிடைக்கிற முதல் பஸ்ஸில் உன் கோபத்தையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்.

இன்னொன்று. உறைமேல் விலாசத்தைத் தானே எழுதுவதாகப் பிடுங்கிக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பென்சில் தேடவில்லை, விரல்விட்டு எண்ணவில்லை, ஒரு நொடி யோசிக்கவும் இல்லை. விடுதியில் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த அசிங்கமான பட்டப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டார். தபால்காரர் அதைத் தெருவெல்லாம் கேட்கப் படித்துக் கூப்பிட்டால், தயவுசெய்து 'நான்தான்' என்று சொல்லி வாங்கிக்கொள்.